எழுத்தைத் தேடாதே, கிளையைப் பார்

நிரலில் ‘விலை’ என்ற மாறிக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். வெறுமனே தேடி மாற்றினால், திரையில் காட்டும் வாசகத்திலுள்ள ‘விலை’யும், ‘விலைப்பட்டியல்’ என்பதன் முன்பாதியும் சேர்ந்தே மாறிவிடும். நிரலின் இலக்கண அமைப்பைக் காட்டும் தொடரியல் மரமோ எது மாறி, எது வாசகம் என்று கிளை கிளையாகப் பிரித்து வைத்திருக்கிறது.

2009இல் கூகுள் வெளியிட்ட கோ மொழியின் ‘கோஃபம்ட்’ கருவி, நிரலை இப்படி மரமாக்கி, ஒரே சீரில் திரும்ப எழுதித் தருகிறது. வரியை உள்ளே தள்ள டேப்பா, இடைவெளியா என்ற பழைய சண்டைக்கு அங்கே வேலையே இல்லை. எனக்கு அது பெரிய விடுதலை! குழுவின் நேரம் உண்மையான பிழைகளுக்குப் போகிறது. ஆனால் தொடக்கத்தில் சொன்ன ‘விலை’யில் விற்பனை வரி சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் எந்த மரமும் சொல்லாது, எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.