குங்குமத்திடம் கேட்காத கேள்வி

பெரணமல்லூரில் பட்டுச்சேலை வாங்குறவங்க முதல்ல கேட்பது, "சாயம் போகுமா?" அவங்களே கோயில் வாசலில் பொட்டலக் குங்குமம் வாங்கும்போது எதுவும் கேட்பதில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த காலத்து நம்பிக்கை அது.

துணிச்சாயமான ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. அழகுசாதனத்திலும் அனுமதிக்கப்பட்ட நிறமிகளையே சேர்க்கலாம் என்கின்றன 2020 விதிகள். லேபிளே இல்லாத பொட்டலத்தில் என்ன நிறமி என்று யார் பார்ப்பது?

செயற்கை நிறமெல்லாம் விஷமில்லை. சோதித்து அனுமதித்தவையும் உண்டு. எதைக் கலந்தோம் என்று சொல்லாமல் விற்பதுதான் தவறு. வாங்குறவர் நம்பிக் கேட்காமல் இருந்தால் விற்பவரின் பொறுப்பு கூடுமே தவிர குறையாது. "இதுல என்ன கலந்திருக்கு?"ன்னு கேட்பதால் நம் பக்தியும் குறைந்துவிடாது.