நம் முடிவுகள் பிறக்கும் இடம்

திருமணம், கல்வி, தொழில், குடிபெயர்வு என வாழ்வின் பெரிய முடிவுகளைச் செய்து முடித்தபின், "நன்கு ஆராய்ந்து நாமே எடுத்த முடிவு இது" என்று நாம் மனநிறைவோடு கூறிக்கொள்கிறோம். ஆராய்ந்தோம் என்பது பெரும்பாலும் உண்மையே. ஆயினும், ஆராயத் தொடங்குமுன்னரே நம் உள்ளம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டிருந்ததா, பின்னர் நாம் தேடியவை அந்தச் சாய்வுக்குத் துணைநிற்கும் காரணங்கள் மட்டுந்தானா என்று நாம் கேட்பது அரிது. அக்கேள்வியை ஒருமுறையேனும் நேர்மையோடு கேட்டுப் பார்த்தல் நலம்.

அறிவியலும் இக்கேள்வியைத் தன் வழியில் கேட்டிருக்கிறது. 1983-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விரும்பிய நேரத்தில் கையை அசைக்குமாறும், அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்த நொடியைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுமாறும் சிலரைக் கேட்டுக்கொண்டனர். கை அசைவதற்கு ஏறத்தாழ அரை நொடிக்கு முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கியிருந்தது. 'அசைக்கப் போகிறேன்' என்ற உணர்வோ அதற்குப் பின்னரே எழுந்தது. மனித சுதந்திரம் வெறும் மாயை என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டினர். லிபெட் அவ்வளவு தூரம் செல்லவில்லை; எழுந்த தூண்டுதலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மனிதனிடம் எஞ்சியிருக்கிறது என்றே அவர் கருதினார். அந்த மின்மாற்றத்திற்கு வேறு விளக்கங்களும் பின்னாளில் தரப்பட்டன. மேலும், விரலை அசைப்பது வேறு, வாழ்வை ஒருவருக்குக் கையளிப்பது வேறு. ஆயினும் ஒன்றை நாம் மறுப்பதற்கில்லை: 'நான் முடிவு செய்தேன்' என்று உணரும் நேரத்திற்கு முன்பே நமக்குள் பல நடந்துவிடுகின்றன.

அந்த 'முன்பு' எவ்வளவு நீண்டது என்பதை வள்ளுவர் நன்கறிவார். ஒருவனுடைய அறிவு அவன் மனத்தில் பிறப்பதுபோலத் தோன்றினாலும், உண்மையில் அவன் சேர்ந்த இனத்திலிருந்தே அது வருகிறது என்பதைச் 'சிற்றினம் சேராமை' அதிகாரத்தில் அவர் சுட்டுகிறார். நம் இல்லங்களில் வரன் பார்க்கும் முறையையே இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். "மகளின் விருப்பத்தைக் கேட்டுத்தான் செய்தோம்" என்கிறோம். ஆனால் அவள்முன் வைக்கப்பட்ட பெயர்கள் எவை? ஒரே திருமுழுக்குப் பெற்று, ஒரே பலிபீடத்தில் நற்கருணை உட்கொள்ளும் எத்தனையோ இளைஞர்கள், அவள் செவிக்கு எட்டுமுன்பே சாதியின் பெயரால் விலக்கப்பட்டுவிட்டார்கள் அன்றோ? எஞ்சியவருள் ஒருவரை அவள் தேர்ந்தாள். நாம் அதனைச் சுதந்திரம் என்றோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் மனச்சான்றைக் குறித்து, அது மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் உள்ளறை என்ற பொருள்படக் கற்பித்தது. தீய பழக்கத்தால் அம்மனச்சான்று சிறிது சிறிதாகப் பார்வை இழக்கக்கூடும் என்றும் அது எச்சரித்தது. ஆகவே, 'என் மனச்சான்று உறுத்தவில்லை' என்பது மட்டும் போதிய விடையாகாது. உறுத்தாதபடி அது பழக்கப்பட்டிருக்கலாம்.

அவ்வாறாயின் நமக்குள் எழும் குரல்களை எவ்வாறு பிரித்தறிவது? புனித லொயோலா இஞ்ஞாசியாரின் அனுபவம் இங்கே துணைநிற்கிறது. 1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து, அவர் தம் இல்லத்தில் படுத்திருந்தார். பொழுதுபோக்க வீரர்களின் சாகசக் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறுகளுமே. அவருடைய மனமாற்றத்திற்கு அவர் தேர்ந்தெடுக்காத நூல்களே வாயிலாயின. அரசவைப் பெருமையை எண்ணியபோதும் மகிழ்ந்தார். புனிதர்களைப்போல் வாழ எண்ணியபோதும் மகிழ்ந்தார். ஆனால் முன்னது கலைந்தபின் வறட்சியே மிஞ்சியது. பின்னதோ கலைந்தபின்னும் மகிழ்ச்சியை விட்டுச்சென்றது. எழும் எண்ணங்கள் அவர் வயத்தில் இல்லை. அவை எங்கே இட்டுச்செல்கின்றன என்று கவனிப்பது அவர் வயத்தில் இருந்தது. தீமை ஒளியின் தோற்றத்திலும் வரும் என்பதால், தொடக்கத்து இனிமையை மட்டும் நம்பாமல் முடிவுவரை நோக்க வேண்டும் என்று பின்னர் அவர் கற்பித்தார்.

இப்படித் தேர்ந்து தெளிந்த ஒரு பொதுநிலையினரை நம் காலத் திருச்சபை நமக்குக் காட்டியுள்ளது. அவர் ஆஸ்திரியாவின் ஓர் எளிய உழவர், ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். இட்லரின் போர் அநீதியானது என்று தெளிந்த அவர், 1943 மார்ச்சில் அப்படையில் போரிட மறுத்தார். குடும்பத்தை நினைத்துப் பார்க்குமாறு உற்றார் வேண்டினர். அவர் நாடிச் சென்ற ஆயரும் அவர் முடிவை ஊக்குவிக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் அவர் தலை துண்டிக்கப்பட்டது. 2007-இல் லின்ஸ் நகரில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது, அவருடைய துணைவியார் பிரான்சிஸ்கா தொண்ணூறு வயதைக் கடந்தவராய் அங்கே இருந்தார்.

ஊரே எதிர்த்த முடிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? அவர் தனித்து நின்றவர் என்பது பாதி உண்மையே. மனைவியோடு செய்த செபம், நாள்தோறும் வாசித்த மறைநூல், தியானித்த மறைச்சாட்சிகளின் வாழ்வு ஆகியவை அவரை ஆண்டுக்கணக்கில் உருவாக்கின. முதலில் தடுக்க முயன்ற பிரான்சிஸ்கா, எல்லாரும் அவருக்கு எதிராகப் பேசக் கண்டபோது அவர் பக்கம் நின்றார். ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவும் முந்தைய ஆண்டில் இதே காரணத்திற்காக உயிர் கொடுத்தார் என்பதைச் சிறையில் அறிந்தது அவருக்குப் பெரும் ஆறுதலாயிற்று. வள்ளுவர் கூறியது இங்கும் மெய்யாகிறது. அவர் சேர்ந்த இனம் வேறாக இருந்தது, அவ்வளவே.

இவை அனைத்தின் ஊடாகவும் இறைவன் செயலாற்றுகிறார் என்பது நம் நம்பிக்கை. ஒவ்வொரு படைப்பையும் அதனதன் இயல்புக்கேற்ப இயக்கும் இறைவன், மனித விருப்பத்தை இயக்கும்போது அதன் சுதந்திரத்தை அழிப்பதில்லை என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்குகிறார். அருள் நம் தோள்மேல் கை வைக்கிறது. அடியெடுத்து வைப்பவர் நாமே.

ஆகவே, முடிவு பிறக்கும் நிலத்தைப் பண்படுத்துவது நம் பொறுப்பு. எவற்றை வாசிக்கிறோம், எவரோடு பழகுகிறோம், எவருடைய குரலுக்குச் செவி மூடுகிறோம் என்பவற்றில் நாளைய முடிவுகள் இன்றே முளைவிடுகின்றன. பெரியதொரு முடிவை எடுக்கும்முன் சில நாள் செபத்தில் காத்திருப்போம். 'நம்மை நடத்துவது அன்பா, அச்சமா?' என்று கேட்போம். பின்னர், அம்முடிவால் இழப்புக்கு உள்ளாகும் மனிதரை நேருக்கு நேர் நோக்குவோம். யேகர்ஷ்டேட்டர் தம் மனைவியின் முகத்தை நோக்கியபின்னும் அமைதி இழக்கவில்லை. விலக்கப்பட்ட அந்த இளைஞரின் முகத்தை நோக்கியபின் நம் அமைதி நிலைக்குமா? நிலைக்காதெனில், அது தூய ஆவியார் தந்த அமைதியன்று. அந்த முடிவை நாம் மீண்டும் தொடக்கத்திலிருந்தே ஆராய வேண்டும்.