துவக்கின் வினை யாரைச் சேரும்?

மாத்தளை மாவட்டத்து ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் ஓர் உறவினர் வீட்டுப் பெட்டகத்தில் பழைய கைத்துவக்கு ஒன்று அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் காலத்தையும் பிறப்பிடத்தையும் கண்டறியப் பெரிய வித்தை தேவையில்லை. விசைப்பொறி இடப்பக்கம் அமைந்து, கட்டையில் தந்தமும் வெள்ளியும் இழைத்திருந்தால் சிங்களக் கொல்லர் கைவேலை என்று ஊகிக்கலாம். குழலில் கிரீடமும் குறுக்கிட்ட செங்கோல்களும் இருந்தால் அது 1813இல் ஏற்பட்ட பர்மிங்காம் சோதனைச்சாலையைக் கடந்து வந்திருக்கலாம். சிங்கம் ஒன்று கிரீடத்தை ஏந்தி நின்றால் கிழக்கிந்தியக் கம்பனியின் சொத்து. கேப்பு வைத்துச் சுடுவதென்றால் 1820களுக்கு முந்தியதாக இருப்பது அரிது. ஆனால் தீக்கல் பொறியைப் பின்னாளில் மாற்றியமைத்த துவக்குகளும் ஏராளம், அங்கே நிதானம் வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிடும் இரும்பு, தான் யாரைச் சுட்டது என்பதை மட்டும் சொல்லாது. மாத்தளை மாவட்டத்தில் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பிரித்தானியருக்கு எதிரான 1848 கிளர்ச்சி இங்கேதான் மூண்டது. காப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் இறங்கியதும் இங்கேதான். தோட்டத் துரையின் இடுப்பில் இருந்த ஆயுதம், அவருக்கு அஞ்சி வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் இன்று கிடக்கலாம்.

அப்படியானால் அதை வைத்திருப்பவரை ஏதேனும் பாவம் பற்றுமா? சைவ சித்தாந்தம் இல்லை என்று சொல்லும்: வினை ஆன்மாவைச் சேர்வது, இரும்பு வெறும் சடம். எண்ணமே வினை என்னும் பௌத்த நூலான அங்குத்தர நிகாயமும் இதே பக்கம்தான் நிற்கிறது; ஆயுத வணிகத்தை உபாசகருக்கு அது விலக்குவதும் விற்பவரின் செயலைப் பற்றியதே, விற்கப்படும் பொருளைப் பற்றியதல்ல. இதற்கு மாறாக, ஆளைக் கொன்ற பொருளையே குற்றவாளியாக்கி அரசு பறிமுதல் செய்யும் வழக்கம் இங்கிலாந்தில் பல நூற்றாண்டு நடந்தது. ரயில் எஞ்சின்கள் ஆளைக் கொல்லத் தொடங்கி, கம்பனிகள் பெருந்தொகை கட்ட நேர்ந்த பிறகு, 1846இல் அதை ஒழித்தார்கள். தத்துவம் செய்யாததைப் பணம் செய்தது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பொருள் சடம் என்றால் தலதா மாளிகையில் புத்தரின் தந்ததாதுவை ஏன் வணங்குகிறார்கள்? தோட்டத்து லயத்தில் ஆயுத பூசையன்று கவ்வாத்துக் கத்திக்கு ஏன் சந்தனம் வைக்கிறார்கள்? புண்ணியம் பொருளில் ஒட்டுமென்றால் பாவமும் ஒட்டத்தானே வேண்டும்? என் விடை இது: தாதுவை வணங்குவோர் அது யாருடையது என்பதற்காக வணங்குகிறார்கள்; கத்திக்குப் பொட்டு வைப்போர் அது தந்த சோற்றுக்காக வைக்கிறார்கள். பொருளில் தங்குவது புண்ணியமல்ல, சாட்சியம். துவக்கிலும் தங்குவது அதுவே. ஆகவே அதன் வாரிசுக்குப் பாவம் வருவதில்லை. ஆனால் சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் வரலாற்றை விசாரிக்காமல் இருக்கும் உரிமையும் அவருக்கில்லை.

விசாரித்தாலும் பயனில்லை, ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். 1848 ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் கிளர்ச்சித் தலைவர் புரன் அப்புவைச் சுட்டது சிப்பாய் அணி. எவருடைய குண்டு உயிரைப் பறித்தது என்று தெரியாதபடி செய்வது அத்தகைய அணியின் வசதிகளில் ஒன்று. அதே மாதம் பௌத்த பிக்குவான குடாபொல தேரரைக் காவியுடையோடு சுட்டார்கள். துவக்கைத் தேடிப் போனால் அங்கே வழி அடைபடுகிறது. ஆனால் கேள்வி அடைபடவில்லை. அது பிரித்தானியப் பாராளுமன்றத்தின் விசாரணைக் குழுவரை ஏறியது, ஆளுநர் டொரிங்டன் 1850இல் பதவியிழந்தார். கேட்டும் தெரியாமற்போவது வேறு, கேட்காமலே இருப்பது வேறு.

காலம் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்பது அடுத்த வாதம். சட்டத்துக்கு அப்படியொரு கோடு தேவைதான்: 1940இன் தொல்பொருள் கட்டளைச்சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஐத் தொல்பொருளுக்கான எல்லையாக வைத்தது. அறத்துக்கு அந்தத் திகதி செல்லாது என்பதற்கு கண்டி அரசின் அதிகாரியான லெவ்கே திசாவையின் பீரங்கி போதும். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடி எடுத்தவற்றில் ஒன்று அது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்து, அதன் பூர்வீகத்தை ஆய்வாளர்கள் உறுதிசெய்த பின், வாள்கள், கத்தி, இரு துவக்குகளோடு 2023 டிசம்பரில் கொழும்புக்குத் திரும்பியது. கொடுத்தவர்களில் எவரும் கொள்ளையடித்தவரல்ல. பாவத்தை ஏற்று அவர்கள் கொடுக்கவில்லை. இன்னதென்று தெரிந்தபின் வைத்திருக்க நியாயம் இல்லாமற்போனது.

ரிவர்ஸ்டன் வீட்டுத் துவக்குக்கு இத்தனை பெரிய கதை இராது. காட்டுப்பன்றியை விரட்டியதோடு அதன் சரித்திரம் முடிந்திருக்கலாம். அதையும் உள்ளபடி எழுதி வைக்கலாம். எனக்கு அச்சம் வேறொன்றில். பழம்பொருள் வியாபாரியிடம் போனால் புரன் அப்புவின் துவக்கு என்று ஒரு வரி சேர்ந்துவிடும், விலையும் ஏறிவிடும். அந்தப் பொய்ச் சாட்சியத்தின் வினை 1848இல் வாழ்ந்த எவரையும் சேராது. சொன்னவரையும், தெரிந்தே விற்றவரையும் சேரும்.