முடிச்சு

குறிஞ்சிப்பிட்டியில் இருபத்தாறு வருடம் முஸ்லிம் விவாகப் பதிவுகாரனாக இருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத வாப்பாமாரின் பெருவிரலைப் பிடித்து, மையில் ஒற்றிப் பதிவேட்டில் வைப்பேன். வலைக்கயிறும் உப்பும் தின்ற விரல்கள். விழுவது பெரும்பாலும் ஒரு கறுப்புத் திட்டுத்தான். அதில் ரேகை தேடினால் தேடுகிறவனுக்கு வேண்டியது கிடைக்கும்.

2004 மார்ச் 11 அன்று மட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டெட்டனேட்டர் இருந்த பையில் ஒரு விரல் அடையாளம் கிடைத்தது. எஃப்.பி.ஐ.யின் கணினி 20 பேரைக் காட்டியது. நான்காவது, ஒரேகன் வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்ட். முன்னாள் படைவீரர், இஸ்லாத்தைத் தழுவியவர். நிபுணர்கள் மூன்று பேரும் அவருடையதே என்றார்கள். ஸ்பெயின் பொலிஸ் ஏப்ரலிலேயே மறுத்தும் கேட்கவில்லை, மே 6இல் கைதுசெய்தார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் தலையாட்டினார். அது ஔனான் தாவூத் என்ற அல்ஜீரியருடைய விரல் என்று ஸ்பெயின் கண்டுபிடித்த பிறகுதான் மேஃபீல்ட் வீடு போனார். பின்னர் நடந்த அரச விசாரணை, முதலில் பொருத்தியபோது அவர் மார்க்கம் நிபுணர்களுக்குத் தெரியாது என்றது. ஆனால், சந்தேகம் எழுந்த பிறகும் திரும்பிப் பார்க்காமல் விட்டதற்கு அது ஒரு காரணமாயிருந்திருக்கலாம் என்றும் சொன்னது.

அந்த நிபுணர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. என்னை உறுத்துவது அதுதான்.

கோபமாயிருக்கும்போது இருவருக்கிடையில் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்ற நபிமொழியை, காதியாயிருந்த தன் மகனுக்கு அபூபக்ரா (ரழி) எழுதியனுப்பினார். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஃபிக்ஹ் அறிஞர்கள் அதைப் பசி, தாகம், தூக்கம், சிறுநீர் முட்டுவது, ஏன், அளவுமீறிய சந்தோஷம் வரைக்கும் நீட்டினார்கள். மனுசனை அறிந்தவர்கள். ஆனால் அது காதியாருக்கு. ரேகை பார்ப்பவர் தன்னைச் சாட்சி என்றல்லவா நினைக்கிறார்? கண்டதைச் சொல்கிறேன், தீர்ப்பு என் வேலையில்லை என்கிறார். காண்பதிலேயே தீர்ப்பு முடிந்துவிட்டால்?

உளவியல் ஆய்வாளர் இதியெல் ட்ரோரும் கூட்டாளிகளும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கோரமான குற்றப் படங்களைப் பார்த்தவர்கள் மங்கலான ரேகைகளைக் கூடுதலாகப் பொருத்தினார்கள். தெளிவாக வேறுபட்டவற்றில் படங்கள் பலிக்கவில்லை. அடுத்த வருடம் வெளிவந்தது இன்னும் மோசம். ஐந்து நிபுணர்களிடம், அவர்களே முன்பு பொருந்துகிறது என்ற ரேகைகளை மேஃபீல்டின் வழக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான்கு பேர் தம் முடிவிலிருந்து விலகினார்கள்.

தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம்மவர். இங்கே மருந்து தலைகீழ்: ரேகை பார்ப்பவருக்குக் கதை தெரியக்கூடாது.

எங்கள் இலங்கையிலும் இப்படி நடந்தது. 2019 ஜனவரியில் வண்ணாத்திவில்லுத் தென்னந்தோட்டத்தில் வெடிமருந்து பிடிபட்டது, ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்தார்கள். அவள் உடுப்பிலிருந்த கப்பல் சுக்கான், பொலிஸின் கண்ணுக்குத் தர்மச்சக்கரமாகத் தெரிந்திருந்தது.

அந்தப் பொலிஸ்காரரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் காக்காவின் வலை ஒருமுறை காணாமல் போனது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம், வலைக்கடன் வேறு. கரையோரத்தில் சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கர் ஒருவரின் வாடியில் அதே நிற வலை காய்ந்தது. கிழிசலில் போட்டிருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்து, காக்காவின் கைதான் என்று பள்ளிவாசல் முற்றத்தில் அல்லாஹ்மேல் சத்தியம் செய்தேன். கோபம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவ்வளவு நிதானமாக இருந்தேன். அவரை வலையோடு நிறுத்திவைத்தார்கள். பன்னிரண்டாம் நாள், காக்காவின் வலை பாரில் சிக்கிக் கிடந்ததை சுழியோடிகள் கொண்டுவந்தார்கள்.

பொய்ச்சத்தியம் பெரும்பாவம். தெரிந்து செய்தால். தெரியாமல், முழு நம்பிக்கையோடு செய்ததற்கு என்ன பெயர் என்று ஒரு ஆலிமிடம் கேட்டேன். மன்னிக்கப்படும் என்றார். எனக்கு ஆறவில்லை, வாடிக்காரரிடமே போனேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. வலையை இழுத்து மடியில் போட்டு, "இப்ப பாருங்க ஐயா, இது யார்ர முடிச்சு?" என்றார்.

பார்த்தேன். அப்போதும் அது காக்காவின் முடிச்சாகத்தான் தெரிந்தது.