டிரிகரை அழுத்திய பிறகு

சுட்டதும் கட்டைக்குள் 'டொய்ங்' என்று ஒரு ரீங்காரம் எழும். கன்னத்தை மரத்தில் பதித்திருப்பவருக்கு அது காதில் கேட்பதற்கு முன்பே பல்லில் தெரிந்துவிடும். பெல்லட் அட்டையைத் துளைத்துப் போன பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே ஏதோ அதிர்ந்துகொண்டிருக்கும். நம் ஊர்ப் பக்கம் புழங்குகிற ஏர்கன்களில், முக்கியமாக ஜெர்மன் டயானா 35-ஐப் பார்த்து இந்தியாவில் செய்தவற்றில், இந்தச் சத்தத்தை யாரும் குறையாகவே எண்ணுவதில்லை. ஏர்கன் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம்.

என்னிடம் இருப்பதும் அந்த வகைதான். குழலை நடுவில் மடித்து ஸ்பிரிங் ஏற்ற வேண்டும். அதைக் கழற்றித் துடைத்து மாட்டும் வேலைக்கிடையே தோன்றியவற்றை எழுதி வைக்கிறேன். வரிசை ஏதும் இல்லை.

*

குழலை மடிக்கும்போது ஒரு நெம்புகோல் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி, மெயின் ஸ்பிரிங்கைச் சுருக்கி, ஒரு கொக்கியில் மாட்டிவிடுகிறது. டிரிகரை இழுத்தால் கொக்கி விலகும். பிஸ்டன் முன்னால் பாயும். எதிரே சிலிண்டரில் அடைபட்டிருக்கும் காற்று நசுங்கி, சின்னத் துளை ஒன்றின் வழியே பெல்லட்டின் பின்புறத்தில் போய் முட்டும். ஸ்பிரிங் பெல்லட்டைத் தொடுவதே கிடையாது.

இதில் என்னைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைப்பது ஒரு சங்கதி. பிஸ்டன் தன் ஓட்டத்தில் பெரும்பகுதியைக் கடக்கும் வரை பெல்லட் இருந்த இடத்தை விட்டு அசையாது. அழுத்தம் உச்சத்தை நெருங்கும்போதுதான் கிளம்பும். அதற்குள் துப்பாக்கி பின்னால் நகரத் தொடங்கியிருக்கும். பிஸ்டன் முன்சுவரை நெருங்கிக் காற்று மெத்தையில் அமுங்கி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் இழுபடும். தோட்டாத் துப்பாக்கி பின்பக்கம் மட்டுமே உதைக்கும். இது இரு பக்கமும் உதைக்கும். பெரிய வேட்டைத் துப்பாக்கியில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் தொலைநோக்கி, சாதாரண ஸ்பிரிங் ஏர்கன்னில் மாட்டினால் சீக்கிரமே கெட்டுப்போவது இதனால்தான்.

இவ்வளவும் நடப்பது ஏறத்தாழ ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கில். ஆனால் அது வெற்று நேரம் அல்ல. நாம் முடிவெடுத்தாயிற்று, விரலும் அழுத்தியாயிற்று, பெல்லட் இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது. அந்நேரத்தில் தோள் எப்படி இருந்ததோ, கை எப்படிப் பிடித்திருந்ததோ, அது அட்டையில் பதிந்துவிடும். டியூனிங் என்று சொல்வதெல்லாம் அந்தச் சிறு நேரத்தைச் சுத்தப்படுத்துகிற வேலை. அதை இல்லாமல் செய்துவிட முடியாது.

செய்துவிடத்தான் பார்த்தார்கள். டயானா கம்பெனியின் 'கிஸ்' அமைப்பில் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே ஓடி ஒன்றின் உதையை மற்றொன்று தின்றுவிடும். ஃபைன்வெர்க்பாவ் 300 துப்பாக்கியில் இயங்கும் பகுதி முழுவதுமே கட்டையின் மேல் சறுக்கிப் பின்னால் போகும். சுடுபவர் தோளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் அழகான யோசனைகள். கடைசியில் போட்டிக்காரர்கள் ஸ்பிரிங்கையே கைவிட்டார்கள். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியில் சுடப்பட்டவை உருளையில் அடைத்த காற்றால் இயங்குபவை. ஸ்பிரிங் எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களிடம் தங்கிவிட்டது.

*

கழற்றுவது சாதாரணக் காரியம் போலத் தெரியும். கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் இரண்டோ மூன்றோ. பின்பக்க அடைப்பைப் பிடித்திருக்கும் குறுக்கு முளைகள். அவ்வளவுதான் என்று முளையைத் தட்டக் கூடாது. துப்பாக்கி ஏற்றப்படாமல் சும்மா மூலையில் சாத்தியிருக்கும்போதும் உள்ளே ஸ்பிரிங் நசுங்கித்தான் இருக்கிறது. முளை வெளியே வந்த நிமிடத்தில் அடைப்பு பறந்துவந்து முகத்தில் அடிக்கும்.

தச்சர் வைத்திருக்கும் நீளக் கிளாம்ப் ஒன்றைப் பலகையில் பொருத்தி, சிலிண்டரை அதில் கிடத்தி, அடைப்பின் மேல் மரத்துண்டு வைத்து, அழுத்தம் ஏற்றிக்கொண்டு முளையை எடுக்க வேண்டும். பிறகு கிளாம்ப்பின் கைப்பிடியைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி விட வேண்டும். ஸ்பிரிங் மெல்ல மெல்ல நீண்டு வெளியே வரும். சிலிண்டர் வாயைத் தாண்டி எவ்வளவு நீளம் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பார்க்கும்போது, அத்தனையையும் அந்த இரண்டு முளைகள் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றனவே என்று தோன்றும்.

*

வெளியே எடுத்த ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். நேராக உருண்டால் நல்லது. நொண்டி நொண்டிப் போனால் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

நேராக இருந்தாலும் இரு முனைகளையும் பார்க்க வேண்டும். மலிவான ஸ்பிரிங்கில் முனை வெட்டிய இடம் கத்தி போல இருக்கும். ஸ்பிரிங் சுருங்கும்போது சுருங்குவதோடு நிற்காமல் தன் அச்சில் கொஞ்சம் திரும்பவும் செய்யும். கூரான முனை அப்போது பிஸ்டனின் உட்சுவரைச் சுரண்டும். குழலை மடிக்கும்போது 'கரகர' என்று கேட்பது பெரும்பாலும் இதுதான். முனையை அரத்தால் சமப்படுத்தி, எமரி தாளால் தேய்த்து, விரலால் தடவினால் வழுக்கும்படி ஆக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடியில் மெல்லிய, வழவழப்பான எஃகு வாஷர் ஒன்று வைத்தால் திரும்புவதற்குத் தடை இருக்காது.

சிலிண்டரில் நெம்புகோலுக்காக வெட்டியிருக்கும் நீளப் பிளவையும் விட்டுவிடக் கூடாது. அதன் ஓரத்தில் பிசிறு நிற்கும். பிஸ்டனின் சீலை உள்ளே நுழைக்கும்போது அந்தப் பிசிறு அதைச் சீவிவிடும். பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு சீவல்தான். காற்றுக்கு அது போதும்.

சீல் பழைய துப்பாக்கிகளில் தோல், புதியவற்றில் பாலியூரித்தேன் போன்ற பொருள். தோல் வாஷர் சைக்கிள் பம்பில் இருப்பதன் அண்ணன்தான்: காய்ந்தால் சுருங்கும், ஒருசில துளி எண்ணெய் குடித்தால் விரிந்து சிலிண்டரைக் கவ்வும். எனக்குத் தோல்தான் பிடிக்கும். மறந்துவிட்டால் காய்ந்து கோபித்துக்கொள்ளும், கவனித்தால் பல வருடம் உழைக்கும்.

*

அந்த ரீங்காரத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங்கின் உள்ளே, அது வளைந்துவிடாமல் இருக்க ஒரு தண்டு நிற்கும். கைடு என்பார்கள். மலிவான துப்பாக்கியில் இது தகட்டைச் சுருட்டிச் செய்ததாக இருக்கும். ஸ்பிரிங்குக்கும் அதற்கும் நடுவே தாராளமாக இடம் கிடக்கும். பிஸ்டன் நின்ற பிறகு ஸ்பிரிங் அந்த இடைவெளியில் துள்ளுகிறது. சத்தம் அதுதான்.

மருந்து: இடைவெளி இல்லாமல் பொருந்துகிற கைடு. நைலான் கம்பி ஒன்று வாங்கிக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு லேத்து பட்டறைக்குப் போனேன். அந்த ஊரில் மோட்டார் பம்புக்கு வேலை செய்து பழகிய கைகளுக்கு இது விளையாட்டு. அளவு எழுதிக் கொடுத்தேன். பட்டறைக்காரர் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"ஸ்பிரிங்கக் கொண்டாந்தீங்களா?"

கொடுத்தேன்.

"இது உள்ள எப்படிப் போகணுங்க? தானா விழணுமா, தள்ளுனா போகணுமா?"

தள்ளினால் போக வேண்டும் என்றேன்.

"அப்ப அளவு எதுக்குங்க" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கடைவதும் ஸ்பிரிங்கை மாட்டிப் பார்ப்பதுமாக முடித்துக் கொடுத்தார். உளிமுனையிலிருந்து வெள்ளை நைலான் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்துகொண்டிருந்தது.

அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. சுருங்கும்போது ஸ்பிரிங்கின் விட்டம் மிகச் சிறிதளவு விரியும். ஆகவே ஓய்வில் இருக்கும்போது இறுக்கமாக இருந்தால்தான், ஏற்றிய நிலையில் லூசாகாமல் இருக்கும். ஓய்விலேயே லூசாக இருப்பது ஏற்றும்போது இன்னும் லூசாகும்.

கைடு செய்ய முடியாதவர்கள் தார் போன்ற கெட்டி கிரீஸை ஸ்பிரிங் முழுக்க அப்பிவிடுவார்கள். சத்தம் போய்விடும், வேகமும் கூடவே போகும். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தெருவில் அமைதி என்று சொல்கிற மாதிரிதான் அது. மெல்லிய பூச்சாக இருந்தால் குற்றமில்லை.

*

கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. பிஸ்டனின் பக்கவாட்டில் மாலிப்டினம் கலந்த கிரீஸ், விரலில் ஒட்டிய அளவு. பிஸ்டனின் முகத்துக்கு முன்னால் ஒன்றுமே வேண்டாம். காற்று அவ்வளவு வேகமாக நசுங்கும்போது பல நூறு டிகிரிக்குச் சூடேறுகிறது. அங்கே தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு இருந்தாலும் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சின் நடத்தும் அதே காரியம். பட்டாசு போல வெடிச்சத்தமும், குழல் முனையில் புகையும், கருகிய வாடையும் வந்தால் துப்பாக்கி பலமாகிவிட்டது என்று பையன்கள் சந்தோஷப்படுவார்கள். உள்ளே சீல் கருகிக்கொண்டிருக்கும்.

தென்கிழக்காசியாவில் மூங்கில் அல்லது கொம்புக் குழாயில் தண்டைச் சட்டென்று அறைந்து, நுனியில் வைத்த பஞ்சைப் பற்றவைக்கும் கருவி நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. ஏர்கன்னுக்குள் நடப்பது அதே அறைதல்.

இங்கிலாந்தில் கார்ட்யூ தந்தையும் மகனும் ஏர்கன்னின் உள்வேலையை ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதினார்கள். எச்.டபிள்யூ. 35 துப்பாக்கியைக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பிச் சுட்டுப் பார்த்தார்கள். நைட்ரஜனில் எதுவும் எரியாது. வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதாவது புகையோ வெடியோ இல்லாத, ஒழுங்கான சுடுதலிலும் கொஞ்சம் எண்ணெய் எரிந்து உதவிக்கொண்டுதான் இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குச் சிறிது ஏமாற்றமாகவும் இருந்தது. வெறும் காற்றின் கருவி என்று நினைத்திருந்தேன். அதற்குள்ளும் ஒரு துளி நெருப்பு.

*

பலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, எல்லோரும் கேட்பது அதைத்தான். "டியூன் பண்ணினா பவர் ஏறுமா?"

0.51 கிராம் பெல்லட் வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 10 ஜூலுக்குச் சற்று மேல். 280 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் இல்லாத ஏர்கன்னுக்கு வைத்திருக்கும் வரம்பு அந்த 20 ஜூலும் 4.5 மில்லிமீட்டர் குழலும். ஜெர்மனியில் வரம்பு 7.5 ஜூல். பிரிட்டனில் 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூலுக்குக் கொஞ்சம் அதிகம். வேகத்தைக் கூட்ட வழியில்லாத அந்த ஊர்களில்தான் மென்மைக்காக மெனக்கெடும் கலை வளர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் மேல் வாஷராக அடுக்கிப் பலம் ஏற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்றுவதற்கு இரண்டு கை வேண்டும், உதை கூடும், ஸ்பிரிங் சீக்கிரம் தளரும், பெல்லட் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகும். நான் எதிர்ப்பக்கம் போனேன். அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். வேகம் சிறிது இறங்கியது. ஒரு சுடுதலுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசமும் இறங்கியது. பத்து மீட்டரில் அட்டையில் விழும் துளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன.

*

மாட்டி முடித்தபின் பிடிக்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. இறுக்கிப் பிடித்தால் துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் துள்ளும். இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் கட்டையைச் சும்மா கிடக்க விட வேண்டும். துள்ளட்டும், ஒரே மாதிரி துள்ளட்டும். சுட்ட பிறகும் கண்ணை எடுக்காமல், மூச்சை விடாமல், அப்படியே இருக்க வேண்டும். இத்தனை வேலைக்குப் பிறகும் அந்த நூற்றில் ஒரு பங்கு வினாடி அங்கேயேதான் இருக்கிறது. இப்போது அதில் சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டில் கழற்றப் போகிறவர்களுக்கு நான்கு வார்த்தை. கிளாம்ப் தயாராகாமல் முளையைத் தொடாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குழல் மடிந்திருக்கும்போது விரல் டிரிகர் பக்கம் போகவே கூடாது. படீரென்று மூடினால் விரலையும் வாங்கும், குழலையும் வளைக்கும். பெல்லட் இல்லாமல் சுட்டுப் பார்க்காதீர்கள், மெத்தை இல்லாத பிஸ்டன் சுவரில் போய் அறையும். மாட்டி முடித்ததும் சோதித்துப் பார்க்க அட்டையும் அதன் பின்னால் மணல் மூட்டையும் போதும். கொக்கும் மைனாவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. அவற்றின் பக்கம் குழலைத் திருப்பாதீர்கள்.