சேர்த்து வைப்பதா, பதுக்குவதா?

பதுக்கல் என்றதும் கிடங்கு நிறைய மூட்டை அடுக்கிய முதலாளிதான் நம் நினைவுக்கு வருவார். நம்ம வீட்டு ஸ்டோர் ரூம் நினைவுக்கு வராது. ஆனால் 2023 செப்டம்பரில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். இந்தியா அந்த ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது. செப்டம்பர் முதல் தேதி இங்கே இறக்குமதி அரிசி விலை ஒரு டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏறியது. உள்ளூர் அரிசி மட்டும் 10 கிலோ 26 ரிங்கிட் என்ற கட்டுப்பாட்டு விலையிலேயே நின்றது. எல்லாரும் அதைத் தேடி ஓடினார்கள். கடைத்தட்டு காலி.

அப்போது எங்கள் வீட்டில் பிரிக்காத மூட்டை இரண்டு இருந்தது. தாமான் வாட்சாப் குழுவில் "ஸ்டாக் வந்திருக்கு, சீக்கிரம் போங்க" என்று ஒரு செய்தி. இன்னும் இரண்டு வாங்கிப் போடலாம் என்றார் அம்மா. ஐந்து பேர் சாப்பிடும் வீடு, நாளைக்கு விலை ஏறினால் யார் கொடுப்பார்கள் என்று அவர் கேட்டதில் நியாயம் உண்டு. பாட்டி ஒரே வார்த்தையில் முடித்தார்: "வீட்ல வச்சிருக்கிறவ எதுக்கு வரிசையில நிக்கணும்?"

இதைச் சொன்னவர் எங்கள் வீட்டிலேயே அதிகம் சேர்த்து வைப்பவர் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. பழைய மைலோ டின்களில் பருப்பு வகைகள், காய்ந்த மிளகாய் போட்ட அரிசி டின், போத்தல் போத்தலாக எலுமிச்சை ஊறுகாய், மோர் மிளகாய், வடகம். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த தாயிடம் வளர்ந்தவர் அவர். கையில் இருப்பதை ஒரேயடியாகத் தீர்க்கக் கூடாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

அந்த அலமாரியில் நல்ல அறிவியலும் இருக்கிறது. உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கிருமிகளுக்குக் கிடைக்கிறது என்பதே முக்கியம். இதை 0 முதல் 1 வரை அளப்பார்கள். 0.6க்குக் கீழே போனால் கிருமியோ பூஞ்சையோ வளராது. வெயில் தண்ணீரை வெளியேற்றுகிறது. உப்பு இருக்கிற தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. எலுமிச்சையின் புளிப்பு மிச்ச வேலையைப் பார்க்கிறது. ஆனால் நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். நன்றாகக் காய்ந்த வடகம்கூட மூடியைச் சரியாக மூடாவிட்டால் சீக்கிரம் நமுத்துப் போகும். அரிசி வண்டு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. அரிசிமணிக்குள்ளேயே முட்டை இருக்கலாம். புது அரிசியைச் சிறு பைகளாகப் பிரித்து நான்கு நாள் ஃபிரீசரில் வைத்தால் அந்த முட்டை செத்துவிடும். எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள், குளிர் போன பிறகு திறங்கள். இல்லையென்றால் வேர்த்து அரிசி ஈரமாகிவிடும். (பாட்டிக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம் இதுதான்.)

சரி, பாட்டி செய்வது சேமிப்பு, வரிசையில் நிற்பது பதுக்கல் என்றால், வித்தியாசம் எங்கே? மூட்டைகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 வீடுகள் உள்ள தாமான். வாரம் 60 மூட்டை அரிசி இறக்கும் கடை. ஒவ்வொரு வீடும் ஒரு வருடத்துக்குள் ஏதோ ஒரு வாரத்தில் ஒரு மூட்டை கூடுதலாக வாங்கினால், கடைக்காரருக்கு வாரம் ஆறு மூட்டைதான் கூடும். அடுத்த ஆர்டரில் சேர்த்துப் போட்டுக்கொள்வார். அதே ஒரு மூட்டையை 300 வீடும் ஒரே வாரத்தில் கேட்டால்? வாங்குபவர் மாறவில்லை, அளவும் மாறவில்லை. ஆனால் சம்பளம் வந்த பிறகே 5 கிலோ வாங்க முடிகிறவர் வெறும் தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அவரிடம் முன்கூட்டியே வாங்கக் காசும் கிடையாது, அடுக்குமாடி வீட்டில் வைக்க இடமும் கிடையாது. தாராளமாகக் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவர், தட்டுப்பாட்டில் வரிசையை விட்டு விலகி அவருக்கு இடம் கொடுக்க முடியும். சேமிப்புக்கு இப்படி ஒரு பலன் உண்டு என்று சிக்கனத்தைப் பற்றிப் பேசுபவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படியென்றால் யாருக்கும் கெடுதல் இல்லாமல் நிரப்பிய அலமாரி முழுக்க நமக்கே சொந்தமா? தைத்திரீய உபநிடதத்தின் பிருகு வல்லி, உணவைப் பெருக்குவதை ஒரு விரதமாகவே சொல்கிறது. நம்ம ஆட்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்து வரும் விரதம், தங்க வந்த யாரையும் மறுக்கக் கூடாது என்பது. அதற்காகத்தான் நிறைய உணவு சேர்க்கச் சொல்கிறது. காஞ்சிப் பெரியவரின் பிடி அரிசித் திட்டமும் இதைத்தான் சமையலறைக்குக் கொண்டுவந்தது. உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசி அடுத்தவருக்கென்று தனியாகப் போய்விடும். மிஞ்சினால் பார்க்கலாம் என்ற பேச்சே அங்கே கிடையாது.

2021 நடுவில் நாடு முழுக்க வெள்ளைக் கொடி ஏறியதே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வரிசையிலும் ஒரு வீட்டில் வெள்ளைத் துணி தொங்கியது. அம்மா அரிசியை அளந்து பையில் கட்டப் போனார். பாட்டி தடுத்து, பிரிக்காத மூட்டையை எடுக்கச் சொன்னார். அளந்து கொடுத்தால் வாங்குகிறவருக்குக் கூச்சமாக இருக்கும் என்பது அவர் எண்ணம்.

எவ்வளவு கொடுப்பது என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. நமக்கு மூன்று மாதத்துக்கு வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம் என்பது அம்மாவின் கணக்கு. கேட்டவர் வீட்டுக்கு அந்த மாதம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு என்பது பாட்டியின் கணக்கு. எனக்குப் பாட்டி சொல்வதே சரி என்று படுகிறது. ஆனால் ஒரே தெருவில் நான்கு கொடி ஏறினால் என்ன செய்வாய் என்று அம்மா கேட்டார். ஒரு வீட்டு அலமாரி அதற்குப் போதாது. அக்கம்பக்கத்தில் இன்னும் சில வீடுகளிலாவது இப்படி டின்கள் நிறைந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் மோர் மிளகாய் போடும் பக்குவத்தைப் பாட்டி இப்போது சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.