எந்தப் பிரிவு? எவருடைய விருப்பம்?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், நெல்லிக்குப்பத்தில் உள்ள நம் இல்லத்திற்குப் பெற்றோர் சிலர் மதிப்பெண் பட்டியலுடன் வருவது வழக்கம். நாம் பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கடந்தும் அவர்கள் கேட்கும் வினா மாறவில்லை. "டீச்சர், பிள்ளை டாக்டராக வேண்டும். எந்தக் குரூப்பில் சேர்க்கலாம்?" என்பார்கள். பிள்ளை அருகிலேயே நின்றுகொண்டிருக்கும். அதனிடம் எவரும் வினவுவதில்லை.

முதலில் விதியைக் காண்போம். நம் மாநிலத்தில் மருத்துவச் சேர்க்கைக்கு 1984 தொடங்கி 2006 வரை நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 முதல் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017 முதல் நீட் தேர்வு. முறைகள் மாறினும் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் பயின்றிருக்க வேண்டும் என்பது மாறவில்லை. நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கே உரியவை. பள்ளியில் உயிரியலை விட்டவர், பின்னர் அதனைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் இசைந்தது. ஆயினும் அது சுற்றுவழியே.

அமெரிக்காவில் வாழும் உறவினர், "எந்தப் பட்டம் படித்தாலும் மருத்துவம் படிக்கலாமே" என்பர். அங்கே நான்காண்டுப் பட்டத்திற்குப் பின்னரே மருத்துவப் படிப்பு. இலக்கியம் பயின்றவரும் சேரலாம். ஆனால் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களையும் முடித்திருத்தல் வேண்டும். அங்கே இருபது வயதில் எடுக்கும் முடிவை இங்கே பதினைந்து வயதில் எடுக்கிறோம். உண்மையில், பிள்ளைக்காக நாம் எடுக்கிறோம். அறத்தின் வினா இங்கேதான் எழுகிறது.

நம் பிழை ஒன்றைக் கூறியாக வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்திக்குக் கணிதம் விளையாட்டுப் போன்றது. அவள் தந்தை யோசனை கேட்டபோது, "கணிதச் சுமை இல்லாவிடில் உயிரியலில் மதிப்பெண் கூடும், தாவரவியலும் விலங்கியலும் உள்ள பிரிவில் சேருங்கள்" என்றோம். சேர்த்தனர். மருத்துவ இடம் கிட்டவில்லை. பள்ளியில் கணிதம் பயிலாததால் கணிதப் பட்டப்படிப்பிலும் சேர இயலாமல், விலங்கியல் படித்தாள். அண்மையில் சந்தித்தபோது அவள் நம்மைக் குறை கூறவில்லை. "கணக்கை மட்டும் விட்டிருக்கக் கூடாது, டீச்சர்" என்றாள். அன்று அவளிடம் ஒரு சொல் கேட்டோமா? இல்லை.

எண்ணம், சொல், செயல் மூன்றாலும் பிற உயிருக்குத் தீங்கு செய்யாமை நம் நெறி. எறும்பை மிதியாமல் நடக்கக் கற்ற நாம், நல்லெண்ணத்துடன் கூறிய சொல்லும் ஒரு வாழ்வை மிதிக்கக்கூடும் என்பதை எண்ணவில்லை.

மருத்துவம் பயில விரும்புவது தவறன்று. ஔடத தானம் நால்வகைத் தானங்களுள் ஒன்றன்றோ? சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் 1985-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இன்று அரசுக் கல்லூரியாக நம் மாவட்டத்திலேயே உள்ளது. பிள்ளை உண்மையாகவே விரும்பினால் ஊக்குவிப்போம். கணிதத்திலும் நாட்டமிருப்பின் கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள பிரிவைத் தேர்ந்து, இரு வாயில்களையும் திறந்து வைப்போம். இடம் கிட்டாவிடில் செவிலியர் பணியும் மருந்தியலும் அதே தானத்தின் வழிகளே என்பதை முன்கூட்டியே உணர்த்துவோம். நோயில் ஆர்வமின்றி, அண்டை வீட்டார் மெச்சுவதற்காக மட்டும் வெண்கோட்டு அணிபவரால் நோயாளிக்கும் நன்மையில்லை.

இப்போதெல்லாம் பெற்றோர் வந்தால், அவர்களைத் திண்ணையில் அமரச் செய்துவிட்டுப் பிள்ளையிடம் முதலில் பேசுகிறோம். "நாளை தேர்வே இல்லை என்றால் எந்தப் புத்தகத்தை எடுப்பாய்?" என்று கேட்கிறோம். விடை வரச் சற்று நேரமாகும். அதுவரை பெரியவர்கள் பேசாதிருப்பதே அந்நாளில் நாம் செய்யத்தக்க நல்லறம்.